எந்த ஏரியா?

குளத்து நீரைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறோம். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்து நீரைப் பாபாசாகேப் அள்ளிக் குடித்த வரலாறு தோழர்கள் அறிந்ததே. இன்று எழுதப்போவது பிளாஸ்டிக் பந்துகள் நிரப்பிய ஒரு குளத்தைப் பற்றி. இது ஒரு விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வகுப்புத் தோழி ஒருத்தி தன் பிறந்தநாளைக் குழந்தைகளுக்கான 'பிளே ஜோன்' ஒன்றில் கொண்டாடினாளாம். அதைக் கேட்டு வந்த நாளிலிருந்து எங்கள் பெரியவள் விடவில்லை. ஏசி போட்ட கட்டடத்துக்குள் சறுக்கு மரம், வலைப்பாலம், டிராம்போலின், பந்துக் குளம். அவளுக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து, அக்கா மகளுக்குப் பத்து. அரையாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். ஏப்ரல் 14-க்கு எடுத்த துணியைப் பத்திரமாக எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரத்துக்குக் குழந்தைக்கு 600 ரூபாய். சும்மா உட்கார்ந்து பார்க்கும் பெரியவர்களுக்குத் தலைக்கு 100. வழுக்காத காலுறையை அவர்களிடமே வாங்க வேண்டும், ஜோடி 60 ரூபாய், ஐந்து பேருக்கும். மொத்தம் 2,300. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதம் கவுண்டரிலேயே தங்கிவிட்டது. இதுவரை நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். பணம் போனது வலித்தாலும் அதற்காக ஒரு கட்டுரை எழுதமாட்டோம்.

ரசீது போட்ட பெண் பெயர் கேட்டார், போன் நம்பர் கேட்டார். பிறகு, "எந்த ஏரியா மேடம்?" என்றார். நாங்கள் வாய் திறக்கும் முன்பே பெரியவள் உற்சாகமாகச் சொல்லிவிட்டாள்: "கண்ணகி நகர்."

அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். எழுந்து போய் மேனேஜரைக் கூட்டிவந்தார். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், பசங்க கூடவே இருங்க. மத்தவங்க பொருள் எதுவும் மிஸ் ஆகக்கூடாது." எங்களுக்கு முன்னால் ரசீது போட்ட குடும்பத்திடமும் பின்னால் நின்ற குடும்பத்திடமும் அவர் இதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் உள்ள விதியா என்று கேட்டோம். "ஜெனரலா சொல்றதுதான் சார்" என்றார். அந்த ஒரு மணி நேரமும் ஊழியர் ஒருவர் எங்கள் பிள்ளைகள் ஏறிய இடத்திலெல்லாம் பின்னாலேயே வந்து நின்றார்.

டிராம்போலினில் பாதியைப் பிறந்தநாள் விழாவுக்காகக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். சின்னவன் பந்துக் குளத்தில் இறங்கினான். அக்கா மகளோடு ஒரு சிறுமி சேர்ந்துகொண்டாள். இருவரும் வலைப்பாலத்தில் ஏறி இறங்கி ஒரே சிரிப்பு. அந்தச் சிறுமியின் அம்மா அன்பாகத்தான் விசாரித்தார்: எந்த ஸ்கூல், வீடு எங்கே? பதில் வந்ததும், "வா, ஜூஸ் குடிக்கலாம்" என்று மகளை அழைத்துப் போனார். சிறுமி திரும்பி வரவில்லை.

நேரம் முடிந்ததாக மணி அடித்தது. எந்தப் பிள்ளையும் இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சும். எங்கள் பிள்ளைகள் கெஞ்சவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பத்து வயதுக்காரி கேட்டாள்: "சித்தி, இனிமே தொரப்பாக்கம்னு சொல்லட்டுமா?"

தோழர்களே, எங்களை உட்கார வைத்து யோசிக்க வைத்தது அந்தக் கேள்விதான். அங்கே பந்துகளைத் துடைத்து அடுக்கும் அக்கா எங்களுக்குத் தெரிந்தவர், எங்கள் பகுதிக்காரர். எங்களைப் பார்த்ததும் கண்ணால் மட்டும் பேசினார். இரவு வீட்டுக்கு வந்து காரணம் சொன்னார். வேலைக்குச் சேரும்போது உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறார். "நம்ம பேரைச் சொன்னா யாரு எடுப்பாங்க?" அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பதால் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் அந்தக் குளத்தில் ஒருமுறைகூட இறங்கியதில்லை.

பத்து வயதில் ஒரு பிள்ளை, பிழைப்புக்காக வளர்ந்தவர்கள் சொல்லும் பொய்யைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்திருக்கிறது.

சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்த மக்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம் கண்ணகி நகர். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நகரத்தில் இன்று யாரும் முகத்துக்கு நேரே சாதி கேட்பதில்லை, ஏரியா கேட்கிறார்கள். கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய ஐந்தும் அதில் உள்ளன. குடியிருக்கும் இடம் இல்லை. அந்த இடைவெளியில்தான் மேனேஜரின் மரியாதையான குரல் நின்றுகொண்டிருக்கிறது. அவர் எங்களைத் தடுக்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார், திருடர்களாக.

1901-இல் ஒரு கோடை விடுமுறை. கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, புதுத்துணி உடுத்தி, அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் ரயிலேறினான் பீமராவ் என்ற சிறுவன். மசூர் நிலையத்தில் இறங்கியபோது நிலைய அதிகாரி அன்பாகத்தான் பேசினார். சாதி தெரிந்ததும் அவர் முகம் மாறியது. மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதித்தார், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்த இரவு கழிந்தது. 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் அவரே எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும், 'ஃபன்டவுன்' கேளிக்கைப் பூங்காவுக்குள் கறுப்பினக் குழந்தைகளை விடமாட்டார்கள் என்று ஆறு வயது மகளுக்கு விளக்க முடியாமல் தந்தை தவிப்பதைச் சொல்கிறார். குழந்தைகளின் கொண்டாட்டத்தைக் கெடுப்பது சின்ன விஷயம் என்று அவர்கள் இருவருமே நினைக்கவில்லை.

அக்கா மகளுக்கு நாங்கள் சொன்ன பதில்: "கண்ணகி நகர்னே சொல்லு." காரணமும் சொன்னோம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் கார்த்திகா நம் கண்ணகி நகர்ப் பெண். அவர் பயிற்சி எடுத்ததும் இங்கேதான். அவள் தலையாட்டினாள். முழுதாக நம்பினாளா என்று தெரியவில்லை. ஒரு கார்த்திகாவைக் காட்டி எத்தனை பிள்ளைகளைத் தேற்ற முடியும்? தங்கம் வாங்காத பிள்ளைக்கும் விளையாட இடம் வேண்டும்.

1989-இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு விளையாட்டை உரிமை என்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. உரிமை என்றால் அதை 2,300 ரூபாய்க்கு வாங்க வேண்டியதில்லை, அரசிடம் கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் சேரியில், காலனியில், குடியிருப்பு வாரிய பிளாக்கில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், எத்தனை ஊஞ்சல் ஆடும் நிலையில் இருக்கிறது, விளையாட்டுத் திடல் என்று வரைபடத்தில் இருக்கும் இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று கணக்கெடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கும் வாரியத்துக்கும் மனுப் போடுங்கள். பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று கேளுங்கள். எங்கள் பிளாக்கில் இந்த வாரம் தொடங்குகிறோம். முதல் மனுவில் அனுப்புநர் முகவரியை அக்கா மகளே எழுதப்போகிறாள்.

ஜெய்பீம்.