இரண்டு கட்டங்களில் ஒன்று

பங்குத்தந்தையிடம் வந்து சேரும் கேள்விகளுக்குக் குருமடத்தில் பாடநூல் கிடையாது. பொன்னேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பணியாற்றிய எவரும் இதை அறிவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்கு அனுப்புவதா, கடன் வாங்கியேனும் பொறியியல் படிக்க வைப்பதா? பாட்டன் உழுத நெல்வயலை வீட்டுமனைக்கு விற்பதா, வைத்திருப்பதா? விடை சொல்வது எளிதன்று. ஆயினும் கேள்வியாவது நம் மண்ணில் விளைந்தது. சென்ற மார்கழியில் என்னிடம் வந்த கேள்வியோ, சித்திரை வெயிலில் தார்ச்சாலை இளகும் இவ்வட்டாரத்தில் எவரும் கேட்டிராதது. பனிமலையில் முதன்முறையாகச் சறுக்கப் போகும் பிள்ளைக்கு எது ஏற்றது? இரு கால்களிலும் தனித்தனியே மாட்டிக்கொள்ளும் ஸ்கீ என்னும் சறுக்குக்கட்டைகளா, இரு கால்களையும் சேர்த்துப் பிணைக்கும் ஸ்னோபோர்டு என்னும் ஒற்றைப் பலகையா?

கேட்டவர், கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் மூதாட்டி. 1990-இல் மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்தவர். அப்போது ஐந்து வயதுச் சிறுமியாக உடன் வந்த மகள், முகாமிலேயே வளர்ந்து, சுவிட்சர்லாந்தில் குடியேறியிருந்த ஈழத்து இளைஞர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றார். பேத்திக்கு இப்போது பதினொரு வயது, பேரனுக்கு ஆறு. பேத்தியின் பள்ளி பிப்ரவரியில் பிள்ளைகளை ஐந்து நாள் பனிமலை முகாமுக்கு அழைத்துச் செல்கிறது. (முகாம் என்னும் சொல் பாட்டிக்கு முப்பத்தைந்து ஆண்டு, பேத்திக்கு ஐந்து நாள்.) பள்ளி அனுப்பிய படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் குறியிட வேண்டும். தாய் இரண்டிலும் குறியிடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்பதே அவர் உள்ளத்தில் ஓடிய எண்ணம்.

“சுவாமி, நீங்கள் ஒருக்காச் சொன்னால் அவள் கேப்பாள். ரெண்டில எதில விழுறது குறைவு எண்டு சொல்லுங்கோ.”

புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளைக் கற்ற நாள்களில் எங்கள் ஆசிரியர் அடிக்கடி வலியுறுத்திய செய்தி ஒன்று உண்டு. நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்வு என்று ஒன்று இல்லை. அங்கே வேண்டுவது கீழ்ப்படிதலே. இரண்டும் நல்லவையாகவோ, தம்மளவில் நன்மையோ தீமையோ அற்றவையாகவோ இருக்கும்போதுதான் தேர்வு தொடங்குகிறது. அத்தகைய தேர்வுக்கு இஞ்ஞாசியார் காட்டும் வழிகளுள் ஒன்று, நாம் ஒருபோதும் கண்டறியாத மனிதர் ஒருவர் இதே நிலையில் நம்முன் நிற்பதாக எண்ணி, அவருடைய முழு நன்மையை நாடி என்ன சொல்வோம் என்று பார்ப்பது. பிறர்க்கு இது கற்பனையால் செய்யும் பயிற்சி. எனக்கோ மெய்யாகவே கண்டறியாத பிள்ளை, கண்டறியாத மலை, கண்டறியாத பனி.

என்னோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் சுவிட்சர்லாந்தில் ஒரு பங்கில் பணியாற்றுகிறார். தொலைபேசியில் அவரைப் பிடித்தேன். பங்கு இளையோரோடு இரண்டையும் முயன்று விழுந்தவர் அவர். மேலும் சில நூல்களையும் புரட்டினேன். அறிந்ததைச் சொல்கிறேன், நம் வாசகர்களுள் வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் உள்ளோர் பலர்.

சறுக்குக்கட்டைகளில் நிற்கும் பிள்ளை, நடப்பது போலவே முன்னோக்கிப் பார்க்கிறது. கால்கள் தனித்தனியே இருப்பதால் தடுமாறினால் ஒரு காலை எடுத்து வைத்துக்கொள்ளலாம். முதலில் கற்பிப்பது நிற்கும் முறை: கட்டைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பகுதியை அகல விரித்தால் வேகம் குறையும். சிறுவர்க்குப் புரியப் பீட்சாத் துண்டு என்பார்களாம். பெரியவர்கள் வழங்கும் பெயரோ பனிக்கலப்பை. பொன்னேர் பூட்டிய நினைவு இன்னும் அழியாத எங்கள் வட்டாரத்துக்கு இந்தப் பெயர் பிடித்துப்போகும்! இவ்வாறு கலப்பை பிடித்து, முதல் நாளிலேயே பெரும்பாலான பிள்ளைகள் சிறு சரிவில் இறங்கி நின்றுவிடுகின்றனர். இரு கட்டைகளையும் இணையாக வைத்து வளைந்து இறங்கும் அழகு வருவதற்குத்தான் ஆண்டுகள் ஆகும். காலணி கல்லைப்போல் விறைப்பானது, நடக்கவே சலிப்பூட்டும். விழும்போது முறுக்கிக்கொள்வது முழங்கால். ஆகவே அளவுக்கு மீறிய விசை பட்டால் காலணியைக் கழற்றிவிடும் பூட்டு அதில் உண்டு. பிள்ளையின் எடைக்கும் திறமைக்கும் ஏற்ப அப்பூட்டைக் கடையிலேயே திருத்தி அமைக்க வேண்டும்.

ஒற்றைப் பலகையின் இயல்பு வேறு. அங்கே பிள்ளை பக்கவாட்டில் நிற்கிறது. தோளுக்கு மேலாகப் பார்த்து இறங்குகிறது. இரு பாதங்களும் பிணைக்கப்பட்டிருப்பதால் தடுமாறினால் வைக்க வேறு கால் இல்லை. பலகையின் விளிம்பு பனியில் தட்டினால் முன்னே குப்புற, அல்லது பின்னே மல்லாக்க விழ வேண்டியதுதான். கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிவது தொடக்கநிலையினரிடம் மிகுதி. அதற்கென மணிக்கட்டுக் காப்பு உண்டு. முதல் இரண்டு மூன்று நாள்கள் பெரும்பாலும் விழுந்து எழுவதிலேயே கழியும். சமதரையில் நின்றுவிட்டால் ஒரு காலை அவிழ்த்துத் தள்ளிப் போக வேண்டும். மேலே இழுத்துச் செல்லும் கயிற்றுத் தண்டைப் பற்றி ஏறுவதும் கடினம். ஆனால் அந்தக் கடின நாள்கள் கடந்தபின் கற்றல் விரைந்து நடக்கும், காலணியும் மென்மையானது. தலைக்கவசம் இரண்டுக்கும் கட்டாயம் வேண்டும். பலகை பொதுவாக ஏழெட்டு வயதுக்குப் பின்னரே என்பது பயிற்றுநர் பலர் கொண்டுள்ள வழக்கம்.

ஆகவே ஆறு வயதுப் பேரனைப் பற்றி எனக்கு ஐயம் எழவில்லை. அவன் கற்கும்போது ஸ்கீயிலேயே தொடங்கட்டும். அதுவும் மலைச்சரிவில் அன்று. ‘மாயக்கம்பளம்’ என்று அவர்கள் அழைக்கும் நகரும் பட்டையில் ஏறி, தாய் கண்ணுக்கெட்டும் தொலைவுக்குள் இறங்கும் பிள்ளைச் சரிவு ஒன்று எல்லா ஊர்களிலும் உண்டாம். பழவேற்காட்டை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே மீனவச் சிறுவன் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகுமுன், ஏரியில்தான் கோல் ஊன்றிப் பழகுகிறான். ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கவிழ்ந்தாலும் கால் தரையைத் தொடும்.

பதினொரு வயதுப் பேத்திக்கு இரண்டும் கூடும். இங்கேதான் தேர்வு மெய்யான தேர்வாகிறது. முகாம் ஐந்தே நாள் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது. பலகையை எடுத்தால் பாதி முகாம் விழுவதிலேயே போய்விடும். கட்டைகளை எடுத்தால் மூன்றாம் நாள் ஏனைய பிள்ளைகளோடு சேர்ந்து இறங்கலாம். அந்நாட்டில் பனிச்சறுக்கு வெறும் விளையாட்டு அன்று. ஒரு வகுப்பின் பொது நினைவு. ஆண்டு முழுதும் அதைப் பேசிக்கொண்டிருப்பார்கள். வராத பிள்ளை அப்பேச்சுக்கு வெளியே நிற்கும். கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் உணவுச் செலவளவே பெறலாம், நாளொன்றுக்குப் பதினாறு பிராங்கு வரையே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. கட்டைகளையும் காலணிகளையும் வாடகைக்குப் பெறலாம்; வளரும் பிள்ளைக்கு அவற்றை விலைக்கு வாங்குவது வீண்.

இவ்வளவும் அறிந்தபின், திருச்சபையும் இவ்விளையாட்டுக்குப் புறம்பானதன்று என்று மூதாட்டியிடம் சொன்னேன். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 ஜூலையில் இத்தாலியின் அடமெல்லோ பனிமலையில் சறுக்கியவர். 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜார்ஜோ பிராசாத்தியும் இவ்விளையாட்டில் மகிழ்ந்தவர். எனினும் என் உள்ளத்தைக் கவர்ந்தவர் வேறொருவர். ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியில் வார்த் என்னும் சிற்றூரின் பங்குத்தந்தை யோகான் முல்லர். 1890-களின் நடுவில், அம்மலைகளில் எவரும் அறியாத சறுக்குக்கட்டைகளை வடநாட்டிலிருந்து வரவழைத்தார். மக்கள் நகைப்பார்கள் என்று அஞ்சி இரவில் பயின்றார். பின்னர் அவற்றிலேறிப் பக்கத்து ஊரான லெக்குக்குச் சென்றார். இரவில் தனியே விழுந்து எழுந்த அந்தப் பங்குத்தந்தையை எண்ணும்போது எனக்கு ஒரு சகோதர உணர்வு உண்டாகிறது.

ஒற்றைப் பலகையின் பிறப்பும் சுவையானது. 1965-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே விளையாட வைப்பதற்காக இரண்டு சறுக்குக்கட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிணைத்தார். பிற்காலத்துப் பலகைக்கு முன்னோடி அதுவே. 1998-இல் ஜப்பானின் நகானோவில் அது ஒலிம்பிக்கில் ஏறியது. 2018-இல் செக் நாட்டு நங்கை எஸ்டர் லெடெட்ஸ்கா ஒரே ஒலிம்பிக்கில் இரண்டிலும் தங்கம் வென்றார். ஆகவே ஒன்றைத் தேர்ந்தவர் மற்றொன்றை வாழ்நாள் முழுதும் துறக்க வேண்டும் என்பதில்லை. இது துறவற வார்த்தைப்பாடு அன்றே!

சுவிட்சர்லாந்திலிருந்து தாய் பேசினார். நான் அறிந்ததைப் பொறுமையாகக் கேட்டார். மகளுக்காக நாள்தோறும் 91-ஆம் திருப்பாடலைச் செபிப்பதாகவும், மரியஸ்டைன் மாதாவுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகவும் சொன்னார். நல்லது என்றேன். ஆனால் அதே திருப்பாடலைத்தான் அலகை கோவில் உச்சியில் நம் ஆண்டவரிடம் எடுத்துச் சொன்னது என்பதையும் நினைவூட்டினேன். வானதூதர் தாங்குவர் என்பது விழவே மாட்டோம் என்பதற்கான உறுதிச்சீட்டு அன்று; தலைக்கவசம் அணிவிப்பது விசுவாசக் குறைவும் அன்று.

“அவள் விழுந்தால், சுவாமி?”

“விழுவாள், மகளே.”

நெடுநேரம் மறுமுனையில் ஒலியில்லை. பின்னர் அவர் சறுக்குவதைப் பற்றிப் பேசவில்லை. படகைப் பற்றிப் பேசினார். இருட்டு. தாயின் சேலைத் தலைப்பு தம் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது. அசையாதே, அழாதே என்பவை மட்டுமே அன்றிரவு காதில் விழுந்த சொற்கள். கால்களுக்கு அடியில் எது அசைந்தாலும் இன்றுவரை உடல் நடுங்குகிறது. மின்படியில்கூட மகளின் கையை விடுவதில்லை. காய்ச்சல் என்று எழுத நினைத்ததன் வேர் அங்கே இருந்தது. அச்சம் அவருடையது, படிவம் மகளுடையது. இதை நான் கடிந்து சொல்லவில்லை. என் கருத்து ஸ்கீ என்றும், அது ஐந்து நாளைக் கருதிய கருத்தே என்றும், குறியிட வேண்டியவள் பிள்ளையே என்றும் மட்டும் சொன்னேன்.

இவ்வுரையாடலை மூதாட்டியிடம் தெரிவித்தபோது அவர் சற்றுச் சிரித்தார். “எங்களுக்கு ரெண்டு கட்டம் ஆர் தந்தது, சுவாமி? ஒரு வள்ளம்தான் நிண்டது. ஏறினம்.”

பேத்தி ஸ்னோபோர்டில் குறியிட்டாளாம். தன் தோழி அதையே எடுக்கிறாள் என்பது காரணம். நான் அடுக்கிய காரணங்களைவிட அது வலுவானது. தாய் மணிக்கட்டுக் காப்பை அந்த வாரமே வாங்கி வைத்துவிட்டார். பலகையில் எந்தக் காலை முன்னே வைப்பது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு: பிள்ளையைப் பின்னாலிருந்து எதிர்பாராமல் மெல்லத் தள்ளினால், எந்தக் கால் முதலில் முன்னே பாய்கிறதோ அதுவே பெரும்பாலும் முன்கால். மின்படியில் கையை விடாத தாய், சமையலறையில் நின்று தாமே மகளைத் தள்ளிப் பார்த்தாராம். இடக்கால் வந்தது. தன்னையும் தள்ளச் சொல்லி அடம்பிடித்த தம்பி, இரு கால்களாலும் குதித்தானாம்.