மஞ்சக்குட்டையில் அத்தையின் ஞாபகம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் ஏற்காடு. வருபவர்களில் பெரும்பாலோர் ஏரிக்கரையிலேயே இறங்கிப் படகுக்கு வரிசையில் நின்றுவிடுகிறார்கள். கூட்டம் ஆகாதவர்கள் ஊரைத் தாண்டி மஞ்சக்குட்டைக்குப் போகலாம். அங்கே படகு கிடையாது. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காபிச் செடிகள், நடுவே சின்னச் சின்ன வீடுகள். நடப்பதற்கென்றே ஆன ஊர்.

நாங்கள் போனது வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வயது 74. இந்த மலையில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதியவரின் மகள். சில மாதங்களாகப் பேரனைக் கூப்பிட வேண்டுமென்றால், வீட்டில் உள்ள மற்ற ஆண்களின் பெயரையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அவன் பெயருக்கு வருகிறார். "எனக்கும் எங்கம்மா மாதிரி ஆயிடுமோ?" என்று ஒருநாள் கேட்டார். அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்டவர். அன்றிலிருந்து எங்களுக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

மஞ்சக்குட்டையில் இறங்கி நடக்கத் தொடங்கியதும் அத்தை வேறு ஆளாகிவிட்டார். "இந்தத் திருப்பம் தாண்டினா ஒரு பலாமரம்" என்றார். மரம் இல்லை, வெட்டிய அடிமரம் இருந்தது. பழம் தோல் நீக்கும் கொட்டகையின் புளித்த வாசனை, மழையில் அப்பா பிடித்த தாழங்குடை, கூடப் படித்த பெண்களின் பெயர்கள்… நேற்று என்ன குழம்பு என்று தடுமாறுபவரிடமிருந்து 60 வருடத்துக்கு முந்திய பெயர்கள் தங்குதடையின்றி வந்தன.

இது அதிசயம் இல்லை. வயதானவர்களிடம் பழைய கதை கேட்டால், 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையே நடந்தவைதான் அதிகம் வரும். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். முதல் பள்ளி, முதல் சம்பளம், கல்யாணம் என்று எல்லாமே புதிதாக நடக்கும் காலம் அது. அதன் பிறகு எத்தனை முறை சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருப்போம்! நேற்றைய குழம்புக்கு அந்த யோகம் இல்லை.

ஒரு வீட்டு வாசலில் காபிப்பழம் காயப் போட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினார். "இன்னும் ரெண்டு வெயில் வேணும்." நன்றாகக் காய்ந்தால் உள்ளே கொட்டை கலகலவென்று ஆடும், அதுதான் கணக்கு. "சாவியை வெச்ச எடம் மட்டும் தெனமும் தேடுவாங்க" என்று மருமகள் சிரித்தார்.

புதுச் செய்தியைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதாக ஆகக் கொஞ்சம் சுருங்குகிறது. கை பழகிய வேலை அதை அவ்வளவாக நம்பி இருப்பதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி 1956-ல் தொடங்கி, ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார். வேகம் இளமையிலேயே இறங்க ஆரம்பிக்கிறது. சொல்வளமோ 50, 60 வயதிலும் குறையவில்லை. பெயர்கள் நழுவுவதற்கும் காரணம் உண்டு. மிளகு என்றால் காரம், கறுப்பு, கொடி, ரசம் என்று பிடித்து இழுக்கப் பல நூல் இருக்கிறது. பேரன் பெயர் ஒற்றை நூலில் தொங்குகிறது.

திரும்பும் வழியில் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நின்றோம். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் அங்கே இருக்கிறது. ஓய்வுக்காலத்தில் அவர் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். 40, 50 ஆண்டுகளாகச் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு, எது எந்த ஊரில் கிடைத்தது என்று பட்டியல் எழுதியது எழுபதைத் தாண்டிய வயதில். 1912-ல் 78 வயதில் இறந்தார். புத்தகங்கள் 1914-லும் 1916-லும் வெளிவந்தன. ஒன்று கவனித்தேன். அவர் தலையை மட்டும் நம்பவில்லை, கல்லும் ஊர்ப் பெயரும் எண்ணும் கையில் இருந்தன. அத்தை இப்போது காலண்டரில் எழுதி வைப்பதை இனிமேல் யாரும் கேலி செய்யப் போவதில்லை.

ஆனால் எல்லா மறதியையும் "வயசாச்சு" என்று தள்ளிவிடக் கூடாது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது ஒரு ரகம். சாவி எதற்கு என்றே புரியாமல் போவது வேறு. ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்பது, தினமும் நடந்த தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் திடீர்க் குழப்பம் இதெல்லாம் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. சுமார் 88 லட்சம் பேர். சின்ன எண்ணிக்கை இல்லை. மற்ற 92 பேருக்கு அது இல்லை என்பதும் அதே கணக்குதான். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், சில மாத்திரைகள் இவற்றாலும் ஞாபகம் மங்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அத்தைக்கு ரத்தப் பரிசோதனை எழுதி வாங்கிவிட்டோம். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

பெரியவர்களுடன் போகிறவர்களுக்கு: சேலத்திலிருந்து பேருந்து உண்டு, 30 கிலோமீட்டர் சொச்சம். வளைவில் தலை சுற்றும், முன் இருக்கை பிடியுங்கள். கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் காபிப்பழம் சிவந்திருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். போனில் ரெக்கார்டர் வைத்துக்கொண்டு, அவர்களை முன்னால் நடக்க விடுங்கள்.