ஒழிந்ததா மூன்றாம் வகுப்பு?

இலண்டன் பேக்கர் தெரு நிலையம். 1863-இல் திறக்கப்பட்ட, உலகின் முதல் சுரங்க இரயில் பாதை! இரயில் என்றால் ஊண் உறக்கம் மறப்பவன் நான். செங்கல் வளைவுகளைக் கண்டு களித்தேன். அன்று நீராவி வண்டி. பெட்டிகளிலோ மூன்று வகுப்புகள்! 1890-இல் ஆழத்தே வந்த மின்சாரப் பாதையில் அனைவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே கட்டணம், இரண்டு பென்னி.

வண்டி ஏறினேன். சுண்ணாம்புக் கறை படிந்த உடையுடன் தொழிலாளி ஒருவர் அருகே அமர்ந்தார். என்னையறியாமல் என் கை மேலங்கியை ஒதுக்கிக்கொண்டது!

வெட்கினேன், தோழர்களே! வண்டியிலே ஒழிந்த வகுப்பு என் நெஞ்சிலே ஓடிக்கொண்டிருந்ததே! கையை எடுத்தேன்; தோளோடு தோள் சேர அமர்ந்தேன்.

மண்ணைக் குடைந்து வழி கண்டனர் மாந்தர். மனத்தைக் குடையும் வேலையோ மீதியிருக்கிறது, எனக்கும்!