உட்பக்கம் திருப்பிப் பாருங்கள்

வயல் வேலைக்குப் போட்ட நீளக் காற்சட்டை திருத்தத்துக்கு வந்தால், முதலில் கிழிந்த இடத்தைப் பாருங்கள். தம்பலகாமத்திலிருந்து வந்தாலும் மூதூரிலிருந்து வந்தாலும் அநேகமாகக் கவடு, முழங்கால், பொக்கற் மூலை இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே தையல் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, காற்சட்டையை உட்பக்கம் திருப்பிப் பாருங்கள் என்பதுதான். வெளிப்பக்கம் கடைக்காரருக்கு, உட்பக்கம் உழைப்பவருக்கு.

எனக்குத் தொழில் பழக்கிய ஐயா நிறத்தைப் பார்த்துத் துணி எடுக்கமாட்டார். விரலிடையில் கசக்குவார், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், பிறகு பெருவிரல் நகத்தால் உரசுவார். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அது கஞ்சியால் மொத்தமாக்கிய துணி. ஒரு தோய்ச்சலோடு தளர்ந்துவிடும்.

எங்கள் பக்கத்து வேலைக்குச் சாய்வரி ஓடும் பருத்தி ட்ரில் நல்லது. சதுர மீற்றருக்கு 240 முதல் 300 கிராம் வரை இருந்தால் போதும். தடித்த டெனிம் உறுதியானதுதான். ஆனால் பெரும்போகத்து மழையில் நனைந்தால் கால் பாரமாகும், லேசில் காயாது. சிறுபோகத்தில் கச்சான் வீசும் வெயிலுக்கோ அது உடம்பை அவிக்கும். பொலியெஸ்டர் கலந்தது கெதியாய்க் காயும். ஆனால் வைக்கோல் எரிக்கும் இடத்தில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அந்த வேலைக்கு முழுப் பருத்திதான். பருத்தி சுருங்கும் என்பதால், வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள்.

கவட்டில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. வரம்பு வெட்டக் குந்தும்போது முழு இழுவையும் அந்தப் புள்ளியில்தான் விழும். அங்கே சாய்சதுரத் துண்டொன்று வைத்துத் தைத்தால் இழுவை பிரிந்துபோகும். இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். 16ஆம் நம்பர் ஊசி, பொலியெஸ்டர் நூல், அங்குலத்துக்கு எட்டுத் தையல். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்காதீர்கள். ஊசித் துளைகள் நெருங்கினால் துணி, தபால் முத்திரைத் தாள் கிழிவதுபோல அந்த வரியிலேயே கிழியும்.

முழங்கால் ஒட்டை வெளியே வையுங்கள். தேய்ந்ததும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கீழோரத்தில் சிறு வாய் விட்டால் உள்ளே போன மண் வெளியேறும். பொக்கற் மூலைக்குச் செப்பாணி அடிக்கும் முறைக்கு அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர், லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873இல் காப்புரிமை எடுத்தார். ஆணி இல்லாவிட்டாலும் அந்த மூலையில் அரை அங்குலத்துக்கு முன்னும் பின்னும் பலதரம் மெஷினை ஓட்டினால் பிடிக்கும். திருகோணமலையின் உப்புக் காற்றுக்கு இரும்புச் சிப் கறள் கட்டும், பித்தளை போடுங்கள்.

மருந்தடிக்கும் காற்சட்டை தனியாக இருக்கவேண்டும். வீட்டு உடுப்போடு சேர்த்துத் தோய்க்கக்கூடாது என்று வாங்குபவரிடம் சொல்லிக் கொடுங்கள். இதுவும் தையற்காரரின் பொறுப்புத்தான்.

கடைசியாக, அளவுநாடாவை மட்டும் நம்பவேண்டாம். காசு வாங்குமுன், “போட்டுக்கொண்டு ஒருக்காக் குந்தி எழும்புங்கோ, அண்ணை” என்று கேளுங்கள். இடுப்புப் பட்டி பின்னால் இறங்கினால் பின்பக்க உயரம் போதாது. கவடு இறுகினால் துண்டு சிறிது. பிரித்துத் திரும்பத் தையுங்கள். அவர் ஒரு போகம் முழுக்க அதோடுதான் குனிந்து நிமிரப்போகிறார்.