நாயின் விலை



நாய் பற்றி எழுதப் போகிறேன். வழமைபோல நஜீஸ் பற்றிப் பாடம் எடுக்க வருபவர்கள் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு வாங்க.

மச்சானுக்கு சம்மாந்துறை வட்டையில் வேளாண்மை. வாடியில் ரெண்டு தரம் தண்ணி மோட்டர் களவு போனது. யானைத் தொல்லை வேற. ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்று எடுக்கத்தான் வேணும் என்று நின்றார். முதலில் மௌலவி ஒருவரிடம் போய்க் கேட்டோம். வேட்டை, கால்நடை, பயிர்க்காவல் என்றால் நமது ஷாபிஈ மத்ஹபில் நாய் வைக்க அனுமதி இருக்கிறது என்றார். அந்தப் பதிலே போதும் என்று எழும்பி வந்துவிட்டோம்.

எனக்கு சிங்களம் தெரியும் என்பதால் பேரம் பேச என்னையும் கூட்டிப்போனார். குருநாகல் பக்கம் ஒரு வீடு. முன் விறாந்தையில் துவாய் விரித்த கூடைக்குள் நாலு குட்டிகள், பவுடர் வாசத்தோடு. தாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது புது ஆட்களைக் கடிக்கும் என்றார் வீட்டுக்காரர்.

பாத்ரூம் போகப் பின்பக்கம் போனபோதுதான் கண்டேன். தகரக் கூரை, கம்பி வலைக் கூடு. உள்ளே தாய் படுத்துக் கிடந்தது. முலைகள் நிலத்தில் கிடந்தன, இடுப்பில் மயிர் இல்லை. என்னைக் கண்டது, குரைக்கவில்லை. கடிக்கும் என்று சொன்ன நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்துக்கொண்டது. எத்தனையாவது ஈத்து என்று அந்த வீட்டுப் பொடியனிடம் கேட்டேன். ஏழாவது என்றான்.

ஒரு பெட்டை நாய் பொதுவாக வருசத்துக்கு ரெண்டு தரம் பருவத்துக்கு வரும். வயிற்றில் ரெண்டு மாதம், பால் கொடுப்பது கிட்டத்தட்ட இன்னும் ரெண்டு மாதம். ஒவ்வொரு பருவத்திலும் சேர்த்தால் அந்த உடம்புக்கு ஓய்வு என்று ஒன்றுமே இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இல்லை. முன்னுக்கு வந்து நான் செய்த ஒரே காரியம், அறுபத்தையாயிரத்தை அறுபதாயிரமாகக் குறைத்தது. மச்சானுக்கு நல்ல சந்தோசம்.

குட்டி வளர்ந்தது. அடர்ந்த மயிரோடு அம்பாறை வெயிலில் நாள் முழுக்க இளைத்துக்கொண்டு கிடக்கும். எட்டு மாதத்தில் பின்னங்காலை இழுக்கத் தொடங்கியது. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை, இந்த இனத்தில் பரம்பரையாக வரக்கூடியது, கவனமாக வளர்ப்பவர்கள் தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்பார்கள் என்றார் மிருக வைத்தியர். அப்படி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தாயைக் காட்டுவார்கள், எட்டு வாரத்துக்கு முதல் குட்டியைத் தரமாட்டார்கள். நாங்கள் போன இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அதே மௌலவியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் சிரித்தார். "சேர், நாய் வைக்கலாமா எண்டு கேட்டு வந்தீங்க. நாய வாங்கலாமா எண்டு கேக்கவே இல்லையே."

நாயின் விலையைத் தடுத்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் நாய் வியாபாரமே செல்லாது. தேவையுள்ளவனுக்குச் சும்மா கைமாற்றி விடலாம், விலை பேச முடியாது. ஹனபி மத்ஹபில் பயன்தரும் நாயை விற்க இடமிருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். நான் பத்வா கொடுக்க வரவில்லை. ஆனால் ஏழு தரம் கழுவுவதும், அதில் ஒரு தரம் மண்ணால் என்பதும் மத்ரசாவில் படித்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விலை பற்றிய ஹதீஸ் ஐம்பது வயது வரைக்கும் என் காதில் நிற்கவில்லை. அந்தக் கூட்டுக்கு முன்னால் நின்றபோது அது ஞாபகம் வந்திருந்தால் பேரம் பேச வாய் வந்திருக்குமா தெரியவில்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். எங்கள் பாடசாலை மதிலுக்குப் பின்னால் உள்ள வடிகானில் போன வருசம் உரப்பைக்குள் ஐந்து குட்டிகள். ஐந்தும் பெட்டை. கடுவன்களை யாரோ எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நம்மவர்களும் குட்டிகளைப் பையில் கட்டி, பாலத்துக்கு அங்கால் தமிழ் ஊர் எல்லையிலோ பன்சலை வாசலிலோ இரவோடு இரவாக விட்டுவிட்டு வருகிறோம். அவர்கள் பார்ப்பார்களாம். தாகித்த நாய்க்குத் தண்ணி கொடுத்தவரின் கதையை வெள்ளிக்கிழமை கண்கலங்கக் கேட்பதும் நாம்தான்.

தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை 2006க்குப் பிறகு அரசு நிறுத்தியது. இனி வழி கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும்தான். ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். அது நடக்கிற நாளில் நம்ம ஊரில் எத்தனை பேர் நாயைக் கொண்டுபோகிறார்கள்? நாய் நமது இல்லையே, தெருவினுடையது.

ஐந்தில் மூன்று செத்துப்போனது. ஒன்றைக் கன்டீன்காரர் எடுத்தார். கடைசியை மச்சானிடம் கொண்டுபோனேன்.

"பெட்டை வேணா மச்சான், வருசத்துக்கு வருசம் குட்டி போடும்."

"கருத்தடைச் செலவு என்ட."

அதற்கு எட்டாயிரத்துக்கு மேல் போனது. எடுத்து வளர்ப்பது சும்மா வருகிற காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் மாதம் முழுக்கப் பூச்சி, சொறி, உண்ணி. மச்சான் என்னோடு சரியாகக் கதைக்கவும் இல்லை.

இப்போது இரண்டும் வாடியில்தான். யானை வந்தால் சின்னவள் முன்னுக்கு நிற்கமாட்டாள், பின்னால் ஓடிக்கொண்டே குரைப்பாள். ஆட்களை எழுப்ப அது போதும். பெரியவன் அறுபதாயிரம் ரூபாக் காலை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வருவான்.

போன கிழமை குருநாகல் நம்பரிலிருந்து வட்ஸ்அப்பில் படம் வந்தது. புதுக் குட்டிகள், அதே துவாய். அதே தாயா என்று சிங்களத்தில் கேட்டு அனுப்பினேன்.

நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்திருக்கிறது. பதில் இல்லை.