ரெண்டு நாயும் ஒரு வாடகை வீடும்

அப்பாவுக்கு ராஜபாளையத்திலிருந்து திருச்சிக்கு மாற்றல். காட்டூரில் வீடு தேடினோம். எங்களிடம் ரெண்டு நாய்கள், ரெண்டும் ராஜபாளையம் ஜாதி. 2005-ல் தபால்தலையே வெளியிட்டாங்க இந்த இனத்துக்கு. ஆனா தபால்தலையைக் காட்டினா யாருங்க வீடு தருவா? :)

காட்டூரில் பெல், துப்பாக்கித் தொழிற்சாலை ஆட்கள் கட்டின வீடுகள் நிறைய. கீழே ஓனர், மாடியில் வாடகைக்கு. இடுப்பு உயர நாய்னு சொன்னதும், "வேற இடம் பாருங்க சார்". ஏழு வீட்டில் இதே பதில். "ஊர்லயே யாருக்காவது குடுத்துட்டு வாங்களேன்" என்று புரோக்கர் சொன்ன அன்னைக்கு தங்கச்சி சாப்பிடவே இல்லை.

விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது. சரி, ஆனா அது சங்கத்துக்குத்தான். தனி வீட்டு ஓனர் மாட்டேன்னா மாட்டேன்தான்.

'முதல்ல குடிவந்துடுங்க, அப்புறம் நாயைக் கொண்டு வாங்க' என்று சிலர் யோசனை சொன்னாங்க. அப்பா ஒத்துக்கலை. பாதி வருஷத்தில் காலி பண்ணச் சொன்னா நாய்களோட எங்கே போறது?

எட்டாவது வீட்டுக்கு வெறிநோய்த் தடுப்பூசி அட்டை, பழைய ஓனரின் போன் நம்பர் ரெண்டையும் கொண்டு போனோம். அந்தம்மா போன் பண்ணி விசாரிச்சாங்க. அப்புறம் மூணு நிபந்தனை: மாடிப்படியில் கட்டக்கூடாது, வாசலை தினமும் கழுவணும், கதவு பிறாண்டினா செலவு எங்களுது.

2019-ல் அமலான தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். அதில் 'ரெண்டு நாய்கள்' என்று ஒரு வரி சேர்த்தோம். பெரிய நாய் வெச்சிருக்கவங்க அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கிடுங்க.