சூசையின் பங்க் கடையும் அம்மாவின் ஞானஸ்நானச் சீட்டும்

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. 1982இல் தமிழ்நாடு அரசு, இப்படித் தெருவோரம் வேலை செய்யும் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுக்க ஆணை போட்டது. தாழ்த்தப்பட்டோர் நலனுக்கு மத்திய அரசு ஒதுக்கிய பணத்தில் வந்த திட்டம் அது. சூசைக்குக் கடை கிடைக்கவில்லை. அவர் ஆதிதிராவிடர்தான், வெயிலில் உட்கார்ந்து அறுந்த வாரைத் தைத்தவர்தான். ஆனால் கிறிஸ்தவர். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30 அன்று மனு தள்ளுபடி ஆனது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, கிறிஸ்தவச் சூழலிலும் அந்தக் கொடுமை ஏறக்குறைய அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கான ஆதாரம் போதவில்லை என்றது தீர்ப்பு.

எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது வகுப்பில் இந்த வழக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். எல்லோரும் சட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மட்டும் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. "நான் இந்து" என்று ஒரே ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த மனிதருக்குக் கடை கிடைத்திருக்கும். அதை எழுதாமல் டில்லி வரை வழக்கு நடத்தியிருக்கிறார். ஏன்?

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் தேட வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய இந்தப் பகுதியில் எங்கள் சனங்களுக்குத் தெரிந்த வேலை இரண்டு. ஆண்களுக்குத் தோல் ஷாப்பு, பெண்களுக்கு ஷூ கம்பெனி. நைனா ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். ஊறிய தோலை இழுத்துப் போட்டு முடி நீக்கும் வேலை. அவர் கைவிரல் இடுக்குகளில் தோல் உரிந்து, வெள்ளை வெள்ளையாக வெடித்திருக்கும். சோற்றைப் பிசையும்போது குழம்பு பட்டால் எரியும் என்று ஸ்பூனில் சாப்பிடுவார். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் நைனா வெள்ளைக்காரத் துரை மாதிரி சாப்பிடுகிறார் என்று தெருவில் பெருமை பேசியிருக்கிறேன்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது இறந்துபோனார். மூச்சுத் திணறல். எத்தனையோ ஆண்டு உழைத்த இடத்தில் அவர் பெயர் எந்த நிரந்தரப் பதிவேட்டிலும் இல்லை. காண்டிராக்டர் வந்து ஈமச்செலவுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போனார். அடக்க ஆராதனையில் ஐயர் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம், அந்தப் பெயர் எப்படி எங்கள் வாயில் ஒட்டியது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்) யோபுவின் முதல் அதிகாரத்தை வாசித்து, யோபுவின் பொறுமையைப் பற்றிப் பிரசங்கித்தார். எல்லாம் இழந்தும் முறுமுறுக்காத பக்தன். அழுதுகொண்டே கேட்டோம்.

மூன்றாம் நாள் ராத்திரி அம்மா வேதாகமத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "யோபு மூணாம் அதிகாரம் படி" என்றார். தான் பிறந்த நாளையே யோபு சபிக்கும் அதிகாரம் அது. முழுவதும் படிக்கச் சொன்னார். அதற்கு அடுத்து, கடவுளோடு அவன் வழக்காடும் அதிகாரங்கள். படித்து முடித்ததும் அம்மா சொன்னது இதுதான்: "ஐயரு பாதியில நிறுத்திட்டாரு. அந்த மனுசன் எவ்ளோ சண்ட போடறான் பாத்தியா? சாமி அவன கோச்சிக்கல. கூட வந்து ஞாயம் பேசன சிநேகிதக்காரங்களத்தான் கோச்சிக்கினாரு."

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சரளமாக வாசிக்கக் கற்றுக்கொண்டதே வேதாகமத்தை வைத்துத்தான். வேதாகமத்தில் பாதிக்கு மேல் சண்டையும் முறையீடும்தான் இருக்கிறது என்பதை அவர் எந்த விடுதலை இறையியல் கருத்தரங்குக்கும் போகாமல் கண்டுபிடித்திருந்தார். கஷ்டத்தில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது என்றால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது என்று எங்கள் சபைகளில் பலகாலமாகச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. ஷாப்பு முதலாளிக்கு அதைவிட வசதியான பிரசங்கம் வேறு கிடையாது. அம்மாவின் விசுவாசம் அந்த வகை இல்லை.

அதன் விலையைத்தான் இங்கே கணக்குப் பார்க்க வேண்டும்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்கிறது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. நமக்கும் இசுலாமியத் தலித்துகளுக்கும் இன்னும் பூட்டியே கிடக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்து இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது, பிறகு அந்தக் கெடுவையும் நீட்டியது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் நமக்கு பி.சி. சான்றிதழ் உண்டு, கல்வி உதவித்தொகையும் மாநில அரசு தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எஸ்.சி. இடஒதுக்கீடு இல்லை. குடியாத்தம், கீழ்வைத்தியணான்குப்பம் போன்ற தனித்தொகுதிகளில் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குப் பாதுகாப்பில்லை. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் கொடுத்த வன்கொடுமை வழக்கை, அவர் கிறிஸ்தவர் என்ற காரணத்தால் ரத்து செய்தது. அவர் கையில் எஸ்.சி. சான்றிதழ் இருந்தும் அது உதவவில்லை. அடித்தவன் சாதி பார்த்து அடிக்கிறான், சட்டம் மதம் பார்த்து விலகிக்கொள்கிறது.

இன்னொரு வேடிக்கை உண்டு. தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவரான குடும்பத்தில் பிறந்த கேரளத்துக்காரர் ஒருவர் இந்து மதத்துக்குத் திரும்பினார். அவருக்குப் பழைய சாதித் தகுதி திரும்பக் கிடைக்கும் என்று 2015இல் கே.பி. மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் சர்ச்சுக்குள் இருந்த அத்தனை காலமும் சாதி எங்கே போயிருந்தது? வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்திருந்தார்களா, திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ள?

இதனால்தான் நம் பகுதியில் இரண்டு பெயரோடு வாழும் குடும்பங்கள் உண்டு. சபையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். களப்பணிக்குப் போகும் காலனிகளில் இதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்கு வேலை வேண்டும் என்று ஒரு தாய் செய்வதை ஒழுக்கக்கேடு என்று பேசுபவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் செல்வராணியின் வழக்கில், பச்சைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தையும் ஒரு சாட்சியமாக எடுத்துக்கொண்டு, அவருடைய கோரிக்கையை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். அந்தச் செய்தி வந்த வாரம், தங்கள் பெயர் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டை யாராவது கேட்டால் காட்டிவிடுவீர்களா என்று இரண்டு பேர் எங்கள் ஐயரிடம் போய் விசாரித்தார்கள்.

அம்மாவுக்கும் அந்த வாய்ப்பு வந்தது. நான் ப்ளஸ் டூ முடித்த வருஷம், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ஒருவர் ஆலோசனை சொன்னார். பெயரைக் கொஞ்சம் மாற்றி, ஒரு கோயிலில் கடிதம் வாங்கி, கெஜட்டில் போட்டால் மகளுக்கு எஸ்.சி. சான்றிதழ் வாங்கிவிடலாம். உறவுக்காரர்கள் எல்லோரும் செய் என்றார்கள். மாமா வந்து ராத்திரி முழுக்கப் பேசினார். அம்மா, "அவரு என்ன கைவிட்டாரா, நான் இன்னாத்துக்கு அவர கைவிடணும்?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். ஞானஸ்நானச் சீட்டு பிளாஸ்டிக் உறையில், ரேஷன் கார்டுக்கும் நைனாவின் இறப்புச் சான்றிதழுக்கும் நடுவே, அதே டிரங்குப் பெட்டியில்தான் இன்னமும் இருக்கிறது.

அந்த முடிவால் எனக்கு என்ன போனது என்பதை நான் அறிவேன். ஒரு அரசு வேலைத் தேர்வில் என்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த, எங்கள் தெருவிலேயே பிறந்த, எங்கள் சாதியிலேயே பிறந்த தோழிக்கு வேலை கிடைத்தது. அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு மனக்குறை இல்லை. அவளுக்கு உரிமைப்பட்டது அவளுக்குக் கிடைத்தது, எனக்கு உரிமைப்பட்டது கிடைக்கவில்லை.

"சோத்துக்கு மதம் மாறினவங்க" என்று நம்மைச் சொல்கிறார்கள் அல்லவா? ஆற்காடு மிஷன் காலத்திலிருந்து, ஆம்பூருக்கு லுத்தரன் மிஷன் வந்த காலத்திலிருந்து, இந்த ஏச்சு நிற்கவில்லை. சரி, ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். அன்றைக்குப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்துக்குப் போனார்கள், பள்ளிக்கூடம் திறந்த இடத்துக்குப் போனார்கள். பசித்தவன் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 1950க்குப் பிறகு சோறு அந்தப் பக்கம் போய்விட்டதே. வேலை, தனித்தொகுதி, பங்க் கடை, சட்டப் பாதுகாப்பு எல்லாம் அந்தப் பக்கம். சோத்துக்கு வந்தவர்கள் என்றால் திரும்பிப் போயிருக்க வேண்டாமா? எழுபத்தைந்து ஆண்டாக நட்டத்தில் நடக்கும் ஒரு காரியத்தை ஆதாயம் என்ற சொல்லால் எந்தச் சமூகவியலும் விளக்க முடியாது.

நம் தோழர்களில் சிலருக்கு இது பிடிக்காது. அண்ணல் காட்டிய பௌத்தம் இருக்க, எதற்கு இன்னும் சிலுவை என்பார்கள். நியாயமான கேள்விதான். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன எங்கள் சொந்தத்தில் அயோத்திதாசர் வழியில் பௌத்தர்களானவர்கள் உண்டு. அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறோம். இந்த நம்பிக்கையிலிருந்து அந்த நம்பிக்கைக்குப் போவதோ போகாததோ மனிதரின் உரிமை. அரசு ஒன்றுக்கு விலை குறைத்தும் ஒன்றுக்கு விலை ஏற்றியும் வைத்திருப்பதுதான் நம் வழக்கு.

திருச்சபைகளுக்கும் சொல்ல இருக்கிறது. சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தை, யாரும் தேடாமலேயே சபைகளே தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், மாதா கோவிலில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதற்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். கலவரம், துப்பாக்கிச்சூடு, இரண்டு உயிர். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. நம் பகுதியில் பெரும்பாலான சபைகளில் எல்லோருமே காலனிக்காரர்கள் என்பதால் இந்தக் கூத்து கொஞ்சம் குறைவு. ஆனாலும் மிஷன் ஆஸ்பத்திரியும் மிஷன் பள்ளிக்கூடமும் பார்த்து வளர்ந்த நம் தலைவர்கள், ஷாப்புத் தொழிலாளியின் மூச்சைப் பற்றி என்றைக்கு ஒரு அறிக்கை விட்டார்கள்? பாலாறு கெட்டதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் அழுத்திச் சொன்னது. இழப்பீட்டுக் கணக்கு பெரும்பாலும் நிலத்தையும் கிணற்றையும் வைத்து. நமக்கு நிலமும் இல்லை, கிணறும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் வங்காளத்துப் பிள்ளைகள். அடுத்த ஞாயிறு எத்தனை சபைகளில் அவர்களுக்காக ஜெபித்தார்கள்?

அம்மாவுக்கு இப்போது தோள்பட்டை வலி. கம்பெனி வேலையை விட்டு, வீட்டிலேயே ஷூ அப்பர் கைத்தையல் போடுகிறார். ஜோடிக் கணக்கில் கூலி. ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் மூட்டை வந்து இறங்கும். கம்பெனியில் இருந்த காலத்திலும் இதே கதைதான். ஞாயிறு ஓவர்டைமுக்கு வரமாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு முறை இரண்டு வாரம் வேலை இல்லாமல் உட்கார்ந்தார். ஓய்வுநாள் என்பது கடவுள் கொடுத்த தொழிலாளர் சட்டம் என்று எந்தச் சங்கத் தலைவரும் அவருக்குச் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் வியாழன் சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் தைத்துக்கொண்டே வேதம் வாசிப்பார்கள். ஒருத்தர் படிக்க, மற்றவர்கள் ஊசியை நிறுத்தாமல் கேட்பார்கள். போன மாதம் அப்போஸ்தலர் நடபடிகள். பேதுரு யோப்பா பட்டணத்தில், கடலோரமாக இருந்த சீமோன் என்பவரின் வீட்டில் வெகுநாள் தங்குகிறார். அந்தச் சீமோனுக்குத் தோல் பதனிடும் தொழில். யூதர்கள் தீட்டு என்று ஒதுக்கிய தொழில். இத்தனை வருஷத்தில் இந்த இடத்தை வைத்து நான் ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை, தோல் ஷாப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊரில்.

எதிர்வீட்டு அக்கா ஊசியைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "ஷாப்புக்காரன் ஊட்ல எப்பிடித்தான் தங்கனாரோ? அந்த நாத்தம் கொமட்டியிருக்காதா அவருக்கு?"

"அவரே மீன்காரரு," என்றார் அம்மா. "அவருக்கு இன்னா நாத்தம்? அடுத்தத படி."